பெயர்ப்பலகையும் பந்தியும்: மாவள்ளி உணவுச்சாலையின் கதை

ஒரு கடையின் பெயர்ப்பலகை மாறுவதை வரலாற்று நிகழ்ச்சியென்று கொள்ளலாமா? பெங்களூர் நகரில், லால்பாக் பூங்காவுக்கு அண்மையில், 1924ஆம் ஆண்டில் ஒரு சிற்றுண்டிச்சாலை தொடங்கப்பட்டது. தென்கன்னட மாவட்டத்துப் பறம்பள்ளி என்னும் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யஞ்ஞநாராயண மையாவும் அவர்தம் சகோதரர்களும் அதனை நடத்தினர். கடைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிராமின் கோப்பி கிளப்’. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1960இல், அதே குடும்பம் லால்பாக் வீதியிலுள்ள புதிய கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. புதிய பலகையில் ‘மாவள்ளி டிபன் ரூம்ஸ்’ என்றிருந்தது. சாதியின் பெயர் இருந்த இடத்திலே ஊர்ப்பகுதியின் பெயர் வந்து அமர்ந்தது. இன்று எம்.டி.ஆர். என்ற மூன்றெழுத்தால் உலகின் பல நகரங்களிலும் அறியப்படுவது இந்தக் கடைதான்.

இம்மாற்றத்தை அக்குடும்பத்தாரின் நல்லெண்ணத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. அந்த நல்லெண்ணத்தை மறுக்க வேண்டிய தேவையும் எமக்கில்லை. தனிமனிதர் ஒரு பலகையை எழுதுவிக்கிறார். ஆனால் எதை எழுதலாம், எதை எழுத முடியாது என்பதைக் காலமும் மக்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றனர். ஆகவே பலகைக்குப் பின்னாலிருந்த அடுக்களையையும், அதற்குப் பின்னாலிருந்த சமூகத்தையும் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

சோறு விற்பது பாவம் என்பது பழைய ஆசாரம். ‘அன்னவிக்கிரயம்’ என்று அதனை இழித்துரைத்தனர். வழிப்போக்கனுக்குச் சத்திரமுண்டு, கோயிலிலே பிரசாதமுண்டு, உற்றார் வீட்டில் இலையுண்டு. காசு கொடுத்து அந்நியர் கையால் உண்பது இழிவு. காசு வாங்கிக்கொண்டு அந்நியருக்கு உணவிடுவது அதனினும் இழிவு. இந்த ஒழுங்கைக் குலைத்தவர் எந்தச் சீர்திருத்தவாதியுமல்லர். புகைவண்டியும், கச்சேரியும், கல்லூரியும், அலுவலகமுமே குலைத்தன. ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த எழுதுவினைஞனும் மாணவனும் எங்கேயாவது உண்டாக வேண்டும். ஆனால் யார் கையால் உண்பது?

இங்கேதான் சாதி மூலதனமாக மாறிய விந்தை நிகழ்ந்தது. சாதிப்படிநிலையின் கணக்குப்படி, மேலுள்ளவன் சமைத்ததைக் கீழுள்ளவன் உண்ணலாம். கீழுள்ளவன் சமைத்ததை மேலுள்ளவன் தொடலாகாது. எனவே பிராமணன் அடுப்பிலேற்றிய உணவு ஒன்றே எல்லோருக்கும் விற்கத்தக்கது. வேறெந்தச் சாதியான் கடை வைத்தாலும் வாடிக்கையாளரில் ஒரு பகுதியை இழப்பான். பிராமணச் சமையற்காரனுக்கு அந்த இழப்பில்லை. கையிலே முதலில்லாத ஏழைப் பிராமண இளைஞர் நகரம் வந்து குறுகிய காலத்திற் கடை முதலாளிகளான கதைகளைப் படிக்கும்போது, அவர்களுடைய உழைப்பை நாம் வியக்கிறோம். அது வியக்கத்தக்கதே. ஆயினும் அவர்கள் வெறுங்கையோடு வந்தனர் என்பது முழு உண்மையன்று. பிறப்போடு வந்த ஒரு முதலீடு அவர்களிடம் இருந்தது. ‘பிராமின்’ என்று பலகையில் எழுதியது பெருமைக்காக மட்டுமன்று. அது சரக்கின் தரமுத்திரையாகவும் இருந்தது.

உடுப்பி வட்டாரத்திலிருந்து இவ்வளவு பேர் ஏன் புறப்பட்டனர் என்பதற்கும் காரணமுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மத்துவாசாரியர் நிறுவிய எட்டு மடங்கள் கிருட்டிணன் கோயிலை இரண்டிரண்டு ஆண்டுகளாக முறைவைத்து நிருவகித்து வருகின்றன. முறை ஏற்கும் மடம் நாள்தோறும் பெருந்தொகையானோருக்கு உணவளிக்க வேண்டும். பெரிய அண்டாவில் ஒரே சுவையில், ஒரே நேரத்தில், சிந்தாமற் சிதறாமற் சமைக்கும் கலை அங்கே தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு, சூழவுள்ள ஊர்களிலும் பரவியது. நவீன உணவுச்சாலைக்கு வேண்டிய திறன் அதுவேயன்றோ! ஆனால் அதே பந்தியிலேதான் பிரிவினையும் பயிலப்பட்டது. இடையர் குலத்திற் பிறந்த கனகதாசர் உள்ளே விடப்படாமல், சுவரின் துவாரத்தின் வழியே இறைவனைக் கண்டார் என்ற கதையை உடுப்பிக்குச் செல்வோர் எவரும் கேளாமல் திரும்புவதில்லை. அது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. பிராமணருக்கு வேறு பந்தி, ஏனையோருக்கு வேறு பந்தி என்ற வழக்கத்தை எதிர்த்து இருபத்தோராம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலும் கர்நாடக இடதுசாரிகள் உடுப்பியில் ஆர்ப்பாட்டம் நடத்த வேண்டியிருந்தது.

மடத்திலிருந்து நகரத்துக்கு வந்த பந்தி, பிரிவினையையும் கூடவே கொண்டுவந்தது. சென்னை மாகாணத்துச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. புகைவண்டி நிலைய உணவுச்சாலைகளிலே கூட இந்தப் பாகுபாடு நிலவி, கண்டனங்களின் விளைவாக 1941இல்தான் நீக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கோ எந்த அறையும் இல்லை. பணம் எவர் கையிலிருந்து வந்தாலும் பணந்தான் என்பது சந்தையின் நியதி. முதலாளித்துவம் வந்தால் சாதி தானாகவே உதிர்ந்துவிடும் என்று நம்பியவர்களும் உண்டு. கோப்பிக் கடையின் வரலாறு அந்த நம்பிக்கையை ஆதரிக்கவில்லை. சந்தை சாதியை ஒழிக்கவில்லை. நெடுங்காலம் அதனைத் தனக்கு வாய்ப்பாகவே பயன்படுத்திக்கொண்டது.

பெங்களூர்க் கடைக்குத் திரும்புவோம். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது தென்னிந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. பங்கீடு வந்தது. அரிசியின்றி இட்டலி ஏது? மாவள்ளி அடுக்களையில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை ரவையைத் தயிரிற் கலந்து ஆவியில் வேகவைத்துப் பார்த்தனர் என்றும், ரவா இட்டலி அவ்வாறே பிறந்ததென்றும் அந்நிறுவனத்தார் சொல்லி வருகின்றனர். முதன்முதலில் அதைச் செய்தவர் யாரென்ற வழக்கில் நாம் தலையிடப் போவதில்லை. பஞ்சம் ஒரு பலகாரத்தைப் படைத்தது என்பதே எமக்கு முக்கியம். அதே பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கையிலும் அப்போது கூப்பன் வந்தது. கோதுமை மாவும் பாணும் நம் வீடுகளுக்குள் ஆழமாக நுழைந்ததும் அந்தப் போர்க்காலத்திலேதான். ஒரே கப்பல் வராமற்போனதால் ஓரூரில் ரவா இட்டலியும் இன்னோரூரில் பாணும் காலையுணவாயின.

யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து, 1950 ஜனவரி 26ஆம் நாள் இந்தியாவின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவுச்சாலைகளிலும் சாதி, மதம் முதலியவற்றின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று விதந்து கூறுகிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. உலகப் புகழ்பெற்ற ஓர் அரசியலமைப்பு, தேநீர்க் கடையின் வாயிலைப் பற்றியும் பேச வேண்டியிருந்ததே! அந்த வாயில் எவ்வளவு இறுக்கமாகச் சாத்தப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1951இல் யஞ்ஞநாராயண மையா ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்குள்ள உணவுச்சாலைகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்று காண்பதே அவருடைய நோக்கம். துப்புரவும் ஒழுங்கும் அவரைக் கவர்ந்தன. திரும்பி வந்தபின் பாத்திரங்களை நீராவியிற் சுத்திகரிக்கும் முறையைத் தமது கடையிற் புகுத்தினார். உண்ண வருவோர் அடுக்களையைத் தம் கண்ணாலேயே பார்த்துச் செல்லும் வழக்கமும் ஏற்பட்டது.

இந்த அடுக்களை விடயத்தில் நாம் சற்றே நின்று யோசிக்க வேண்டும். ஆசாரமுள்ள வீடுகளில் அடுக்களை என்பது மறைவிடம். சமைப்பவன் ‘மடி’யோடு இருக்க வேண்டும்; அயற்சாதியான் நிழல் படலாகாது; சில வீடுகளில் பார்வை படுவதே தீட்டு. அந்த அடுக்களையின் கதவைத் திறந்து, வந்து பாருங்கள் என்று ஊராரை அழைப்பது சிறிய காரியமன்று. தூய்மை என்ற சொல்லின் பொருளே அங்கு மாறிவிட்டது. பிறப்பைக் குறித்த தூய்மை, பாத்திரத்தைக் குறித்த தூய்மையாயிற்று. ஆசாரம் இருந்த இடத்திற்குச் சுகாதாரம் வந்தது. நுண்ணுயிருக்குச் சாதி தெரியாது. வெந்நீரும் சாதி பார்ப்பதில்லை. விஞ்ஞானம் மூடநம்பிக்கையை வெல்வதை நூல்களிலே படிக்கிறோம். இங்கே அது ஒரு வியாபாரியின் பாத்திரம் கழுவும் தொட்டியில் நிகழ்ந்தது. அவர் அதனைப் புரட்சியென்று எண்ணியிருக்க மாட்டார். வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறும் வழியென்றே எண்ணியிருப்பார். அதனாலென்ன?

ஆனால் எல்லாப் பலகைகளும் இவ்வாறு அமைதியாக இறங்கவில்லை. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் கடையின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கக் கோரிப் பெரியாரின் திராவிடர் கழகம் மறியலைத் தொடங்கியது. தொண்டர்கள் நாள்தோறும் அணியணியாகச் சென்று கைதாயினர். பல மாதங்கள் இது நீடித்தது. ஈற்றில் அச்சொல் நீங்கியது. ஒரு சொல்லுக்காகவா இத்தனை பேர் சிறை சென்றனர் என்று அக்காலத்திற் கேலி செய்தோர் பலர். இன்றும் அவ்வாறு கேட்போர் உளர். அச்சொல் அற்பமானதாயின், அதனை நீக்க மறுத்தவர்கள் ஏன் அத்தனை உறுதியோடு மறுத்தனர் என்பதையும் அவர்கள் கேட்டிருக்கலாம். இதற்கு மூன்றாண்டுகளின் பின் பெங்களூரில் மாவள்ளிப் பலகை மாறியது. ஒன்று மற்றதன் நேர்விளைவு என்று நாம் சாதிக்க வரவில்லை. இரண்டும் ஒரே காற்றில் ஆடிய கிளைகள் என்று மட்டுமே சொல்கிறோம்.

உடுப்பி உணவுச்சாலைகளின் கதையிற் கிருஷ்ணராவைக் குறிப்பிடாமல் விட இயலாது. மடத்து அடுக்களையில் எடுபிடிச் சிறுவனாக உழைத்து, சென்னைக்கு வந்து, 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கியவர் அவர். 1962இல் அவர் நிறுவனம் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், 2008இல் மூடப்படும்வரை, எழுத்தாளரும் மாணவரும் ஒரு கோப்பியோடு நெடுநேரம் உட்கார்ந்திருக்கக்கூடிய இடமாக விளங்கியது. அவரைப் போன்ற சிறுவர் எத்தனையோ ஆயிரம் பேர் தென்கன்னடக் கிராமங்களிலிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயினர். பகலில் மேசை துடைத்து, இரவில் அதே மேசைகளுக்கிடையே படுத்துறங்கி, வாய்த்தவர் இரவுப் பள்ளியில் எழுத்துப் படித்தனர். அவர்களுள் ஒருவர் முதலாளியானதை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. மேசை துடைத்தபடியே முதுமையடைந்தவர்களின் பெயர்ப்பட்டியல் எந்தக் கல்லாப்பெட்டியிலும் இல்லை. உணவுச்சாலைகளிற் சிறுவரை வேலைக்கமர்த்துவதற்கு இந்தியாவிற் சட்டத்தடை வந்தது 2006 அக்டோபரிலேதான் என்பதை இங்கே நினைவுகொள்வது தகும்.

குடும்பம் நடத்தும் கடையென்றால் அன்பு மிகுந்த இடமென்று ஒரு மயக்கம் நம்மிடையே உண்டு. முதலாளியும் தொழிலாளியும் ஓரூரார், ஒருவேளை உறவினர். ஒரே அடுப்பில் உண்பவர். ஆகவே அங்கே சங்கம் எதற்கு, வேலைநேரம் எதற்கு என்று பேசுவர். உண்மையில் அந்த உறவே தொழிலாளியின் வாயை அடைப்பதும் உண்டு. சம்பளவுயர்வு கேட்பவன் முதலாளியை மட்டுமா எதிர்க்கிறான்? தன் மாமனையும் ஊர்ப்பெரியவரையும் எதிர்க்கிறான். இது மாவள்ளிக் கடையைப் பற்றிய குற்றச்சாட்டன்று. குடும்பத் தொழில் என்ற அமைப்பைப் பற்றிய கருத்தே.

வேறொரு வழியும் இருந்தது. அதுவும் அதே பெங்களூரிலேயே தோன்றியது. கோப்பி வாரியம் தான் நடத்திவந்த கோப்பி இல்லங்களை ஐம்பதுகளில் மூடத் தொடங்கியபோது தொழிலாளர் தெருவில் விடப்பட்டனர். பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்களை ஒன்றுதிரட்டி, இல்லங்களை நீங்களே ஏற்று நடத்துங்கள் என்றார். 1957 ஆகஸ்டில் முதலாவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பெங்களூரில் அமைந்தது. அக்டோபரில் டில்லியில் முதலாவது இந்தியன் கோப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திருச்சூரிலும் திறக்கப்பட்டது. பரிமாறுபவரே பங்காளி. அங்கே எந்தச் சாதியின் பெயரும் பலகையில் ஏறவில்லை. ஏறவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவற்றுட் சில பின்னாளில் நலிந்தன, சில இன்றும் நன்றாகவே நடக்கின்றன. கூட்டுறவு என்றால் தோல்வியென்று சொல்பவர்கள் கேரளத்து நகரொன்றிற் காலை வேளையில் அந்த இல்லத்துக்குள் நுழைந்து பார்க்கலாம்.

1975 ஜூனில் இந்திரா காந்தி அரசு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. உணவுச்சாலைகளில் உணவைக் குறைந்த விலைக்கு விற்க வேண்டுமென்று கட்டளை பிறந்தது. அந்த விலையில் தமது தரத்தைக் காக்க முடியாதென்று மாவள்ளிக் கடையினர் கருதினர். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஹரிச்சந்திர மையா அப்போது பொறுப்பில் இருந்தார். உணவுச்சாலை மூடப்பட்டது. வேலையாட்களைக் கைவிடாமலிருக்க ரவா இட்டலி மாவு, பொடிகள் முதலியவற்றைப் பொதிசெய்து விற்கும் தொழிலில் குடும்பம் முழுமூச்சாக இறங்கியது.

விலைக்கட்டுப்பாடு ஏழைக்கு நன்மைதானே, அதை எதிர்த்த முதலாளிக்காக நாம் ஏன் இரங்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அதே அரசு அதே காலத்தில் வேறென்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். வேலைநிறுத்தங்களை ஒடுக்கியது. தொழிற்சங்கத் தலைவர்களைச் சிறையிலடைத்தது. தொழிலாளரின் ஆகக்குறைந்த போனஸ் விகிதத்தை 8.33 வீதத்திலிருந்து 4 வீதமாகக் குறைத்தது. டில்லி கொன்னோட் பிளேசில் அரசை விமர்சிப்போர் கூடிய கோப்பி இல்லம் இடித்துத் தள்ளப்பட்டதும் அப்போதுதான். தோசையின் விலையைக் குறைத்த கையே தொழிலாளியின் போனசையும் குறைத்தது. மக்களைக் கேளாமல் மக்களுக்கு மலிவுவிலை வழங்கும் ஆட்சியை நாம் அதன் விலைப்பட்டியலைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது.

இவ்வளவையும் எழுதும்போது எமது மண்ணின் நினைவு வராதிருக்குமா? யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் ஊற்றிக் கொடுத்த காலம் மிகத் தொலைவிலில்லை. கடையின் வாங்கு அவர்களுக்கல்ல. வாசலுக்கு வெளியே நிலமே அவர்களுக்கு. இங்கே கடைக்காரர் பிராமணரல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். பெங்களூரிற் பிராமணியம் செய்ததை இங்கே சைவ வேளாளியம் செய்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் ஏட்டிலிருந்தது, சிரட்டை கடையிலிருந்தது. 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அடுத்த ஆண்டு அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நடந்த தேநீர்க் கடைப் பிரவேசங்களும் அந்தச் சிரட்டையை உடைத்தன. எழுத்தாளர் கே. டானியல் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர். அப்போராட்டங்கள் உயிர்களையும் பலிகொண்டன. ஒரு கோப்பை தேநீரை மற்றவர் குடிக்கும் கோப்பையிற் குடிப்பதற்காக மனிதர் உயிர் கொடுத்தனர் என்று நம் மாணவருக்குச் சொல்லும்போது அவர்கள் நம்ப மறுக்கின்றனர். பாடநூலில் அது இல்லை. ஆதலால் அவர்களைக் குறைகூற முடியாது.

மாவள்ளி உணவுச்சாலை எண்பதுகளில் மறுபடி திறக்கப்பட்டது. ஹரிச்சந்திர மையாவின் மறைவுக்குப் பின் அவருடைய மகள் ஹேமமாலினி மையா பொறுப்பேற்றார். வீட்டிற் பெண்ணும் கடையில் ஆணுமே சமைக்க வேண்டுமென்ற விதி இறுகியிருந்த ஒரு தொழிலில் ஒரு பெண் தலைமைக்கு வந்தது கவனிக்கத்தக்கது. தம் சகோதரர்களுடன் சேர்ந்து அவர் கிளைகளைப் பெருக்கினார். பெங்களூரின் பிற பகுதிகளிலும், கடல்கடந்து சிங்கப்பூரிலும் துபாயிலும் கிளைகள் எழுந்தன.

பொதிசெய்த உணவுத் தொழிலோ வேறு வழியிற் சென்றது. நெருக்கடியிற் பிழைப்புக்காகத் தொடங்கப்பட்ட அந்தக் கிளை, தாய்மரத்தைவிடப் பருத்து வளர்ந்து, 2007இல் நோர்வே நாட்டு ஓர்க்லா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம்மவர் கடைகளிற் கிடைக்கும் ரவா இட்டலிப் பொதி அந்நிறுவனத்தினுடையது. லால்பாக் வீதியில் ஆவி பறக்க இலையிலே வைக்கப்படும் இட்டலி இன்னும் மையா குடும்பத்தினுடையது. இரண்டின் மேலும் அதே மூன்றெழுத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.